சுவரில் மாட்டும் படம்: அளவுக்கு முன் தூரத்தைக் கேளுங்கள்

பாட்டி இறந்த வாரம், கூடத்தில் மாட்ட அவசரமாக ஒரு படம் தேடினோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்த கல்யாணப் படத்தில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, 12க்கு 16 அங்குலத்தில் பிரிண்ட் போட்டோம். கண்ணோரச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகு பூசினாற்போல மறைந்துபோயின. படம் எடுத்த சித்தப்பாவின் போனில் அசல் அப்படியே இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அதிகம் நடக்கும் தவறு இதுதான். 12 மெகாபிக்சல் போன் படத்தில் நீளவாக்கில் சுமார் 4000 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள், இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது பெரும்பாலும் 1600 அளவுக்குச் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அசல் குறையாமல் வரும். வெட்டினாலும் பிக்சல்கள் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்ற பிடிவாதம். அந்தக் கணக்கு கையில் வைத்து ஓரடி தூரத்தில் பார்க்கும் ஆல்பத்துக்கு. இயல்பான பார்வையுள்ள கண் பொதுவாக ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்குக்குக் கீழே உள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியாது. அதனால் தள்ளி நிற்க நிற்கத் தேவை குறைகிறது. பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து, 3438ஐ அதால் வகுத்தால், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் போதும் என்பது வரும். மூன்றடிக்கு அங்குலத்துக்கு 95 பிக்சல், பத்தடிக்கு 29. பத்தடி அகல பேனருக்கு அந்த 4000 பிக்சல் படத்தைக் கொடுத்தால் அங்குலத்துக்கு 33 கிடைக்கும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதுவே தாராளம். ஆனால் அதே பேனரை வாசலில் ஓரமாகக் கட்டி, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் பேனரில் உள்ள முகம் சிதறித் தெரியும். எங்கே மாட்டப் போகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

போட்டோஷாப்பில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற எண்ணை 300 என்று மாற்றினால் தரம் உயராது. இருக்கிற பிக்சல்கள் சின்னத் தாளில் நெருங்கும், அவ்வளவுதான். ஏஐ மூலம் பெரிதாக்கும் செயலிகள் இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்புகின்றன. இயற்கைக் காட்சிக்குச் சரி, இறந்தவரின் முகத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

சந்தேகமாக இருந்தால், பெரிய பிரிண்டில் முகம் எந்த அளவில் வருமோ அதே அளவில் ஒரு பகுதியை மட்டும் 4க்கு 6 தாளில் போடச் சொல்லுங்கள். அப்புறம் அதைச் சுவரில் ஒட்டி, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள்.