கடலூரில் ஒரு ரத்தக்காட்டேரியை ஊராள வைப்பது எப்படி

ஊரை ஆளும் ரத்தக்காட்டேரியை வைத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் நடத்தப் போகிறேன் என்று உட்காருகிறவர்கள் முதலில் கோட்டையைத்தான் வரைவார்கள். நானும் வரைந்தேன். ஏ3 தாளை டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கி, நாற்பத்திரண்டு அறை. ஆட்டம் பதினான்கு சனிக்கிழமை நடந்தது. அந்த நாற்பத்திரண்டில் ஒன்பது அறையைத்தான் யாராவது எட்டிப் பார்த்தார்கள். கோட்டை கிடக்கட்டும். முதலில் ஊர்க்கணக்கை எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்பக்கம்தான் கடை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேமினேஷன் மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆட்டம் இது. நாங்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்திருக்கிறோம். அதன் அடிப்படை விதிகளை 2023இலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள், காசு வேண்டாம். ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். காரியம் பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டி, திறமைக்கு உண்டான எண்ணைக் கூட்டிப் பார்ப்பது. தாயம் ஆடிய கைக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

என் ஆட்கள் நான்கு பேர். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், தேவனாம்பட்டினத்திலிருந்து சிப்காட்டுக்கு ஷிப்ட் போகும் தம்பி, நர்ஸாக இருக்கும் என் சிநேகிதி, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். வாத்தியார் வந்தது இலவச மிக்சருக்காக என்றுதான் முதலில் நினைத்தேன்.

கணக்குக்கு வருகிறேன். ரத்தக்காட்டேரி ராத்திரிக்கு எவ்வளவு குடிப்பான் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சிநேகிதி ஒரு பில் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினாள். பெரிய ஆள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். ரத்ததானத்தில் ஒரு தடவைக்கு எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தரம். ராத்திரிக்கு ஒரு பை என்று வைத்தால், 120 ஆரோக்கியமான ஆட்கள் இருந்தால் போதும். யாரும் சாகவே வேண்டாம். ஆண்டு முழுக்க, நூறு ஆண்டு முழுக்க, முறை வைத்து ஓட்டலாம்.

கொஞ்ச நேரம் யாரும் மிக்சரைத் தொடவில்லை. என் ஆட்டம் அந்தத் தாளில்தான் பிறந்தது.

கோயில் மண்டகப்படிக்கு முறை போடுகிற மாதிரி ரத்தத்துக்கு வீட்டுவாரியாக முறை போட்டிருக்கும் ஊர் அது. பற்று ஒரு பக்கம் இருந்தால் வரவு ஒரு பக்கம் இருக்க வேண்டும். நோட்டில் நடுக்கோடு போட்டு எழுதுங்கள். என் ஊருக்குக் கிடைப்பவை: நூறு வருடமாகப் புயல் கரை ஏறவில்லை, திருட்டு இல்லை, பஞ்சத்திலும் களஞ்சியம் காலியாவதில்லை. ஒவ்வொரு வருடமும் புயலுக்குப் பெயர் வைத்துக் காத்திருக்கும் கடலூர்க்காரர்களுக்கு முதல் வரியே போதும். அக்கா மகன் நேராகவே கேட்டான், "சித்தி, நாம எதுக்கு இவனைக் கொல்லணும்?" இந்தக் கேள்வி உங்கள் மேஜையில் இரண்டாம் வாரத்துக்குள் வரவில்லையென்றால் வரவுப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். பதிலையும் தயாராக வைத்திருங்கள். 120 பேர் போதும் என்ற ஊரில் வருடத்துக்கு மூன்று பேர் ஏன் காணாமல் போகிறார்கள்? பசியால் அல்ல. அவனுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எல்லையைக் கற்பனையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. இன்றைக்கும் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துப்போட்டது, மிச்சம் கெடிலம் ஆற்றங்கரையில் கிடக்கிறது. என் ஆட்டத்தில் அன்று பீரங்கிக்குத் தீ வைத்த துரை சாகவே இல்லை. குண்டு விழுந்த இடம்வரை அவன் ராஜ்யம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் மூடுபனியில் நடந்து நடந்து திரும்ப உள்ளேயே வந்து நிற்பார்கள்.

ஐந்தாம் வாரம் சிப்காட் தம்பி, டீயை ஆற்றிக்கொண்டே, "அக்கா, அந்தக் குண்டைத் தோண்டி எடுத்துட்டு வந்து கோட்டைக்குப் பக்கத்துல போட்டா எல்லை சுருங்குமா?" என்றான். நான் யோசித்தே பார்க்காத விஷயம். இந்த மாதிரி நேரத்தில் முகத்தைப் பரீட்சை சூப்பர்வைசர் போல வைத்துக்கொண்டு, "தோண்டிப் பாரேன்" என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே நோட்டைத் திருத்தி எழுத வேண்டும். ஆடுபவர்கள் ஊகிப்பது நம் திட்டத்தைவிட நன்றாக இருந்தால் அதுதான் திட்டம். அதற்குப் பிறகு ஆட்டமே ஐந்து குண்டுகளைத் தேடுவதாக மாறியது. ஒவ்வொரு குண்டு உள்ளே வரும்போதும் ஒரு கிராமம் விடுதலையானது. கூடவே அந்தக் கிராமத்தின் முறை மிச்ச வீடுகள் தலையில் விழுந்தது. 120 பேர் 80 ஆனார்கள், 50 ஆனார்கள். நல்லது செய்யச் செய்ய மீதி ஊர் வெளிறிக்கொண்டே போனது. இதை நான் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

குண்டுகள் எங்கே என்பதை முடிவு செய்ய ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஹிக்மன் தம்பதி 1983இல் வெளியிட்ட ரேவன்லாஃப்ட் என்ற ஆட்டத்தில், ஜோசியக்காரி சீட்டு எடுப்பதை வைத்துப் பொருள்கள் எங்கே இருக்கும், காட்டேரிக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் மாறும். நான் அதைக் கிளி ஜோசியமாக்கினேன். இருபது சீட்டு பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் முருகனும் மாரியம்மனும் ஒட்டி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னேன். வந்த சீட்டுக்கு ஏற்பக் கதை நடந்ததால் எனக்கே அடுத்தது என்ன என்று தெரியாமல் போனது. அது நல்லது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. விதிப்படி ரத்தக்காட்டேரி அழைப்பில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. மேல்நாட்டுக் கதைகளில் அவன் தந்திரம் செய்து அழைப்பு வாங்க வேண்டியிருக்கும். நம் ஊரில் அந்தச் சிரமமே இல்லை. வாசலில் யார் நின்றாலும் நம் வாயில் முதலில் வருவது "வாங்க".

ஆகவே அந்த ஊரில் யாரும் வாங்க சொல்வதில்லை என்று வைத்தேன். முதல் காட்சியில் பயணிகள் நால்வரும் அந்தி நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் முதுகைக் காட்டித் திரும்பி உள்ளே நடக்கிறாள், கதவைத் திறந்தே விட்டுவிட்டு. சாப்பாடு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. கிளம்பும்போது அங்கே யாரும் "போயிட்டு வரேன்" என்றும் சொல்வதில்லை. "போறேன்" என்பார்கள். ஏன் என்று நான் விளக்கவில்லை, நீங்களும் விளக்காதீர்கள். ஊளையிடும் ஓநாயும் மின்னலும் செய்யாத வேலையை இது செய்யும்.

நான்காம் வாரம் ராத்திரி கதவு தட்டப்பட்டது. வெள்ளை வேட்டி, கையில் தாம்பூலத் தட்டு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மழையில் நனைந்தபடி. வாத்தியாருடைய பாத்திரம் கதவைத் திறந்தது. முப்பத்தைந்து வருடம் பெற்றோர்களை வரவேற்ற மனிதர். "அடடா, வாங்க ஐயா, நனையறீங்களே" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் சிநேகிதி தலையில் கை வைத்தாள். நான் பகடையைக்கூடத் தொடவில்லை. "வந்தவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருகிறார்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவர் யாரையும் கடிக்கவில்லை. காபி குடித்தார், குடும்பம் விசாரித்தார், கிளம்பும்போது அந்த ஊரில் அவர் ஒருவர்தான் சொன்னார், "போயிட்டு வரேன்."

சண்டையைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். விதிப்புத்தகத்துக் காட்டேரிக்கு உயிர்ப்புள்ளி 144. வெயிலிலோ ஓடும் நீரிலோ இல்லாதவரை ஒவ்வொரு சுற்றிலும் 20 திரும்ப வரும். மூன்றாம் நிலைப் பாத்திரத்துக்கு மொத்தமே இருபது முப்பதுதான் இருக்கும், ஆக மோதினால் அடிதான். அடித்து விழுத்தினாலும் புகையாகிப் போவான், இரண்டு மணி நேரத்துக்குள் தன் பெட்டிக்குத் திரும்பாவிட்டால்தான் அழிவான். ஆகவே பெட்டி எங்கே என்பதுதான் சண்டை. பூண்டுக்கு இந்த விதிகளில் ஒரு வேலையும் கிடையாது. தினமும் ரசத்தில் பூண்டு தட்டிப்போடும் ஊரில் அதற்குப் பயந்த காட்டேரி ஒரு வாரம் தாங்க மாட்டான், அதுவும் சரிதான்.

ஓடும் நீர் என்றதும் தகராறு வந்தது. சித்திரையில் கெடிலம் ஓடும் நீரா? அரை மணி நேரம் வாதம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடும் நீர், கோடையில் வெறும் மணல் என்று தீர்ப்புச் சொன்னேன். மழைக்காலத்தில் அவன் ஒரு கரையோடு சரி, வெயில் காலத்தில் ஊரே அவனுடையது. அதனால் ஆடுபவர்கள் பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஊரில் பாத்திரங்கள் மூன்று போதும். முறை எழுதும் துபாஷ் (துரைக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளன்), ரத்தம் எடுக்கும் மருத்துவச்சி, நாளைக்கு முறை வரும் ஒரு வீடு. இவர்களில் துபாஷ்தான் முக்கியம். அவனைக் கெட்டவனாக்கிவிடாதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் சில பக்கம் படித்தால் அந்தக் குரல் பிடிபடும். யார் வந்தார், யாருக்கு என்ன வெகுமதி, எந்தக் கப்பல் எப்போது என்று எல்லாவற்றையும் நிதானமாக எழுதிப்போகும் குரல். அதே நிதானத்தில் என் துபாஷ் "இன்று கீழத்தெரு மூன்றாம் வீடு, பாதி அளவு, பெண் சோர்ந்திருக்கிறாள், மன்னிக்கப்பட்டது" என்று எழுதுவான். தாளை நீட்டினேன். யாரும் சத்தமாகப் படிக்கவில்லை.

முதல் வாரத்துக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். எது வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். தேவனாம்பட்டினத்துத் தம்பி, "கடல் எழுந்து வர்ற மாதிரி மட்டும் வேணாம்க்கா" என்றான். 2004இல் அவனுக்கு ஆறு வயது. சரி என்று எழுதிக்கொண்டேன், எங்கள் ஆட்டத்தில் கடல் கடைசிவரை அசையாமல் கிடந்தது. நடுவில் யாருக்காவது தாங்கவில்லை என்றால் சொல்லாமலே நிறுத்த மேஜை நடுவே ஓர் எலுமிச்சம்பழம் வைத்தோம். யார் தொட்டாலும் காட்சி அங்கேயே முடிந்தது, அடுத்த நாள் காலை என்று தாண்டிவிடுவேன். பதினான்கு வாரத்தில் இரண்டு முறை தொட்டார்கள்.

சத்தம், வெளிச்சமெல்லாம் அளவோடு. அரிக்கேன் விளக்கு ஒன்று போதும். நான் புளூடூத் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் போட்ட ராத்திரி, தெருநாய்கள் ஏழெட்டும் சேர்ந்து பதில் கொடுத்தன. நாய் ஊளையிட்டால் சாவு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து வந்து ஷட்டரைத் தட்டினார். மறுநாள் அவருக்குச் சமாதானம் சொல்ல இரண்டு டஜன் வாழைப்பழம் ஆனது.

ஆட்டத்தை முடிப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது அம்மா வைத்தது. மூன்றாம் வாரம் பதினொன்றரை மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். அக்கா மகன் அந்த ஊர்க்காரன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "பாட்டி, போறேன்" என்றான். அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொல்லிட்டு இந்தப் படியைத் தாண்டிடுவியா நீ? உள்ளே வா. வந்து உட்காரு. தண்ணி குடி. அப்புறம் ஒழுங்கா சொல்லிட்டுப் போ." உட்கார்ந்தான், குடித்தான், சொன்னான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நால்வரும் வரிசையாக நின்று, வாத்தியார் உட்பட, அம்மாவிடம் போயிட்டு வரேன் சொன்ன பிறகுதான் நான் ஷட்டரை முழுக்க இறக்குவேன்.