செடித்தொட்டிக்கு எல்இடி விளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்ச்செடி வைத்து மீன்தொட்டி தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் லைட் வாங்கலாம்?" சில மாதம் கழித்து அவர்களே திரும்ப வந்து, "இந்தப் பாசியை எப்படி ஒழிப்பது?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான்: விளக்குத் தேர்விலோ அதை மாட்டிய விதத்திலோ ஒரு பிசகு. நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால், அதே பிசகுகளை அடுத்தடுத்தவர்கள் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கக் கூடாது, இரவெல்லாம் விளக்கு எரியக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாட்டைப் பார்த்து வாங்குவது

ஒரு காலன் தண்ணீருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது ட்யூப் லைட் காலத்துக் கணக்கு. அப்போதைய ட்யூப்கள் ஏறக்குறைய ஒரே திறனில் எரிந்ததால், வாட்டை வைத்து வெளிச்சத்தை ஊகிக்க முடிந்தது. எல்இடிக்கு அது பொருந்தாது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். ஒரே வாட் எழுதியிருக்கும் இரண்டு எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

லூமனும் முழுசாக உதவாது. மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதைத்தான் லூமன் சொல்கிறது. நம் கண் 555 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சையில், மிகக் கூர்மையானது. செடியோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியைப் பயன்படுத்தும். அந்த எல்லைக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்ற அளவைத்தான் தொட்டிக்காரர்கள் 'பார்' என்கிறார்கள். அடிமண் மட்டத்தில் அளந்தால் சுமார் 15 முதல் 30 வரை குறைந்த வெளிச்சம், 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பொதுவாகப் பிரிப்பது வழக்கம். கோடு ஆளுக்கு ஆள் கொஞ்சம் நகரும்.

பெட்டியில் பார் எண் போட்டிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். எந்த ஆழத்தில் அளந்தது, காற்றிலா தண்ணீரிலா, விளக்கின் நேர் கீழேயா ஓரத்திலா என்று பாருங்கள். இவை இல்லாத எண்ணால் பயனில்லை.

கெல்வினுக்காக அலைவது

பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண் விளக்கின் நிறச்சாயலைச் சொல்வது. அது நம் கண்ணுக்காக. 6500 பக்கம் இருந்தால் இலை இயல்பான பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான்.

செடி வாடினால் வெளிச்சத்தைக் கூட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. பணமும் உயிரும் அதிகம் போவதும் இதில்தான்.

தெரிந்தவர் ஒருவர் இரண்டடித் தொட்டி வைத்தார். கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்று எல்லாமே மங்கலான வெளிச்சத்தில் நிதானமாக வளரும் செடிகள். சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் கிடையாது. தேர்வு அருமை. விளக்கு மட்டும் கடையில் இருந்ததிலேயே வலுவானது. முதல் வாரத்தில் கிரிப்டோகோரைன் இலைகள் நிறம் வெளுத்து, கூழாகிக் கரைந்தன. வெளிச்சம் போதவில்லை என்று யாரோ சொல்ல, டிம்மரை முழுதாகத் திருப்பி, நேரத்தையும் பன்னிரண்டு மணி ஆக்கினார். அடுத்த சில வாரங்களில் அனுபியாஸ் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி, கட்டையில் நூல் பாசி. அப்புறம் ஒரு பாட்டில் பாசிக்கொல்லி வந்தது. சில பாசிக்கொல்லிகளில் செம்பு இருக்கும், இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. அவருடைய இறால்கள் முழுதும் செத்துப்போயின. செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, "செடித்தொட்டி நமக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டார். ஆசையோடு தொடங்கிய மனிதர். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த இலைகள் கரைந்ததற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. நர்சரிகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் அந்த இலைகள் பயன்படாமல் போகும். செடி பழைய இலையைக் கைவிட்டு நீருக்கேற்ற புதிய இலையை விடும். கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது, இடம் மாற்றினாலே இலை உதிர்க்கும். வேரும் தண்டும் உறுதியாக இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

வெளிச்சத்தைக் கூட்டினால் ஏன் கெடுகிறது? செடி எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை வெளிச்சம் தீர்மானிக்கிறது. அந்த வேகத்துக்கு ஏற்ற கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு எல்லாம் தண்ணீரிலோ அடிமண்ணிலோ இருந்தாக வேண்டும். முதலில் தட்டுப்பாடாவது கார்பன். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. மீனும் மண்ணும் விடுவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சிலிண்டர் வைப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள். போதாக்குறைக்கு, அந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். இந்த நிலையில் விளக்கை மட்டும் கூட்டுவது, தீனி போடாத மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டி ஓட்டுவதுதான். பயன்படுத்த முடியாத வெளிச்சம் இலையையே சேதப்படுத்துகிறது. சோர்ந்த இலையில் பாசி ஒட்டிக்கொள்கிறது. பாசிக்குத் தேவை மிகக் கொஞ்சம், அது கிடைத்துவிடுகிறது.

வெளிச்சம் உண்மையிலேயே குறைந்தால் செடி வேறு விதமாகக் காட்டும். தண்டுச் செடிகளில் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், அடி இலைகள் உதிரும். தரையில் படர வேண்டிய மான்டே கார்லோ செடி மேல்நோக்கி எழும்பும். பழைய இலைகளில் பொத்தல் விழுந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகப்படுங்கள். புதிய இலை நரம்புகளுக்கு இடையில் வெளுத்தால் இரும்பைச் சந்தேகப்படுங்கள். பழைய இலையா, புதிய இலையா என்று பார்க்காமல் டிம்மரில் கை வைக்காதீர்கள்.

வலுவான விளக்கு வாங்கியதே தப்பு என்று சொல்லவில்லை. அதில் டிம்மர் இருந்தால் போதும். புதுத் தொட்டியை நாற்பது, ஐம்பது சதவீதத்தில், ஆறு மணி நேரத்தோடு தொடங்குங்கள். புதிய இலைகள் சீராக வரத் தொடங்கிய பிறகு பத்துச் சதவீதம் கூட்டிவிட்டு, இரண்டு வாரமாவது பாருங்கள். வெளிச்சம், உரம், சிஓடூ மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிஓடூ வைத்திருந்தால் விளக்குக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே அது ஓடத் தொடங்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் டிராப் செக்கர் (தண்ணீரில் சிஓடூ எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சிறு குப்பி) பச்சையில் இருக்கட்டும். பாசி வந்துவிட்டால் முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள், கையால் எடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். பாட்டிலை வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் பொறுமையாகச் செய்து பாருங்கள்.

டைமர் இல்லாமல் ஓட்டுவது

வேண்டாம். கையால் போட்டு அணைக்கும் தொட்டியில் எந்த இரண்டு நாளும் ஒரே அளவு வெளிச்சம் இருக்காது.

நடுவில் மாட்டிவிட்டு மறந்துவிடுவது

நல்ல விளக்கை வாங்கியவர்களும் இங்கே கோட்டை விடுகிறார்கள். தொட்டியைவிட நீளம் குறைந்த விளக்கை நடுவில் வைத்தால் இரண்டு ஓரமும் இருண்டு கிடக்கும். அந்த ஓரங்களுக்காக விளக்கைக் கூட்டினால் நடுவில் இருக்கும் செடி அவதிப்படும். முன்னிருந்து பின் வரை 45 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான தொட்டியிலும் இதே கதை. ஒற்றை விளக்கு நடுவில் ஒரு பிரகாசமான பட்டையைப் போட்டுவிட்டு மீதியை நிழலில் விடும். அங்கே வலுவான ஒன்றைவிட மிதமான இரண்டு நல்லது.

விளக்கை உயர்த்தினால் வெளிச்சம் பரவும், நடுவில் வலு குறையும். டிம்மர் இல்லாத விளக்குக்கு இதுதான் டிம்மர். ஆனால் எவ்வளவு உயர்த்தலாம் என்பதை லென்ஸ் கோணம் தீர்மானிக்கும். 120 பாகையில் விரியும் விளக்கை ரொம்ப உயர்த்தினால் பாதி வெளிச்சம் அறைக்குள் சிந்தும், உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். 60 பாகை லென்ஸ் என்றால் உயர்த்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கீழே வட்ட வட்டமாக விழும்.

என் வழக்கம், விளக்கை நடுவிலிருந்து ஓரிரு விரற்கடை முன்னால் நகர்த்துவது. பின்வரிசைத் தண்டுச் செடிகள் எப்படியும் விளக்கை நோக்கி வளர்ந்துவிடும். முன்னால் தரையோடு படரும் செடிகளுக்குத்தான் வெளிச்சம் எட்டுவது கடினம். பின்னால் மாட்டினால் நம் பக்கம் திரும்பிய இலைகளும் மீன்களும் நிழலாகத் தெரியும். ரொம்ப முன்னால் கொண்டுவந்தால் முன்கண்ணாடியில் பாசி பிடிக்கும். எனவே கொஞ்சம் மட்டும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கல்லையும் கட்டையையும் வைத்து, விளக்கைப் போட்டு, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி இருந்தால், காலித் தொட்டியின் அடியில் போனை வைத்து நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் பார் ஆகாது, துல்லியமும் கிடையாது. ஆனால் மூலையில் நடுவின் பாதிகூட வரவில்லை என்பதை அது சொல்லிவிடும். அந்த மூலையும் கட்டையின் நிழலும் அனுபியாஸுக்கு, ஜாவா ஃபெர்னுக்கு. வெளிச்சம் கேட்கும் தண்டுச் செடியான ரோட்டாலாவை அங்கே நட்டுவிட்டு வருந்த வேண்டாம்.

சிவப்புச் செடிக்காகச் சிவப்பு விளக்கு

சிவப்பு எல்இடி அதிகமுள்ள விளக்கின் கீழ் சிவப்புச் செடி இன்னும் சிவப்பாகத் தெரியும். சாதாரண வெள்ளை டார்ச் அடித்துப் பாருங்கள், உண்மை நிறம் தெரிந்துவிடும். இலையிலேயே நிறம் ஏற வேண்டுமானால் மொத்த வெளிச்சம் போதுமான அளவில் இருக்க வேண்டும், அதற்கு ஈடாக கார்பனும் உரமும் இருக்க வேண்டும். அதாவது மேலே சொன்ன கணக்குக்கே திரும்ப வருகிறோம்.

மூடுகண்ணாடியைத் துடைக்காமல் விடுவது

உப்புப் படிந்த கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் துடையுங்கள். நீண்ட நாள் விட்டுவிட்டுத் துடைத்தால், அன்றைக்கு டிம்மரையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

வயரைக் கவனிக்காமல் விடுவது

தண்ணீர் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் தரக்குறியீடு ஐபி. விளக்கு ஐபி67 என்றால் தண்ணீரில் தவறி விழுந்தாலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். ஐபி65 தெறிப்பையும் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும், மூழ்கினால் தாங்காது. எதுவாக இருந்தாலும் அடாப்டருக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை, அதனால் அதைத் தொட்டி மூடியின்மேல் வைக்காதீர்கள். வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் அதைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேற வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.