தமிழ்நாட்டு ரிசல்ட்டை வைத்து நுவரெலியாவை அளக்கலாமா? தேர்தல்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 மே மாதம், இந்திய லோக்சபா தேர்தல் வாக்குகளை எண்ணிய அன்று, இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அ.தி.மு.க.வுக்கு என்று கடை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ரொட்டியைப் பிய்த்தபடி மாமா சொன்னார்: "பாத்தியா தம்பி, அங்க சனம் எவ்வளவு ஒத்துமையா நிக்குது. நம்ம ஆளுகதான் நாலு பக்கம் இழுக்குறாங்க."

அன்றைக்கு எனக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு வாக்கு வீதத்தைப் பார்த்தேன். அ.தி.மு.க. பெற்றது 44 சதவீதம் அளவில்தான். நூறு பேரில் ஐம்பத்தைந்து பேருக்கு மேல் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல் விழுந்தும் ஓர் ஆசனம்கூட இல்லை. தமிழ்நாட்டுச் சனமும் நாலு பக்கம் பிரிந்துதான் நின்றது. தொகுதியில் ஒரு வாக்குக் கூடுதலாக எடுத்தவருக்கே முழுத் தொகுதியும் என்ற விதி, அந்தப் பிரிவை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

தேர்தல்களை ஒப்பிடும்போது நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். எண்ணும் விதி செய்யும் வேலையை மக்களின் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தத் தவறு நம்மை நாமே தாழ்த்திப் பேசவைக்கிறது என்பதால் எனக்கு இதில் வருத்தம் அதிகம்.

நம் பக்கத்துக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப்பட்டியலில். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு இங்கே 1 இலட்சத்து 61 ஆயிரம் அளவில் வாக்குகள், ஐக்கிய மக்கள் சக்திக்கு 1 இலட்சத்து 1 ஆயிரம் அளவில். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) போட்டியிட்ட யானைச் சின்னத்துக்கு 64 ஆயிரம் அளவில்.

முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். மீதி ஏழு. ஐந்து சதவீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற கட்சிகளின் வாக்குகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஏழால் வகுக்கிறார்கள். இங்கே ஓர் ஆசனத்தின் விலை 46 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. 161இல் 46 மூன்று முறை போகும், 101இல் இரண்டு முறை, 64இல் ஒரு முறை. ஆறு ஆசனம் முடிந்தது. ஏழாவது, மிச்ச வாக்கு அதிகமாக உள்ள தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு. போனஸைச் சேர்த்தால் ஐந்து, இரண்டு, ஒன்று. அறிவித்த முடிவும் அதேதான்.

இதே வாக்குகளை இந்திய முறையில் எட்டுத் தொகுதியாக வெட்டி எண்ணியிருந்தால், யானைக்கு ஓர் ஆசனம் கிடைத்திருக்குமா என்பது தொகுதி எல்லையை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த முறையில் 2014 தமிழ்நாட்டை எண்ணியிருந்தால் தி.மு.க.வுக்கு ஒன்பது ஆசனமாவது வந்திருக்கும். பிரித்தானியாவிலும் 2024இல் தொழிற்கட்சி 34 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைந்த வாக்கில் 650இல் 411 ஆசனங்களைப் பிடித்தது. அதே ஆண்டு தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுக்க 61 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் "அமோக வெற்றி" என்று ஒரே சொல்லால் அழைத்தால் பாதி விஷயம் போய்விடும்.

கட்சிச் சின்னத்துக்குப் போட்டபின் அதே கட்சி வேட்பாளர்களில் மூன்று பேர் வரை குறிக்கும் விருப்பு வாக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "நம்ம கட்சிக்குள்ளேயே ஏன் இத்தனை சண்டை, தமிழ்நாட்டில் இப்படி இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஒரு கட்சி ஒரு தொகுதிக்கு ஒருவரைத்தான் நிறுத்தும். இங்கே ஒரே சின்னத்தின் கீழ் பல பேர் நின்று, மூன்று விருப்பு வாக்குக்காக ஒருவரோடொருவர் போட்டி போட வேண்டும். எங்கள் ஊர் பஸ் தரிப்பிடச் சுவரில், ஒரே கட்சியின் ஒரு வேட்பாளர் போஸ்டர் மேல் இன்னொருவர் போஸ்டரைப் பசை காயும் முன்னே ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் கெட்டவர்கள் இல்லை. சக வேட்பாளரை முந்தாவிட்டால் பாராளுமன்றம் போக முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த தவறு, எத்தனை வாக்கில் அந்த வீதம் என்ற அடியெண்ணைப் பார்க்காமல் வீதங்களை ஒப்பிடுவது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 55.89 சதவீதத்தில் வென்றார் என்று சிலர் எழுதுகிறார்கள், 42.31 என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் உண்மை. முதல் எண்ணிக்கையில் 42.31. யாரும் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாததால், சீட்டில் 2, 3 என்று குறித்த விருப்பங்களைப் பார்த்து வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சம். அவற்றில் முதல் இருவரில் ஒருவருக்கு அடுத்த விருப்பத்தைக் குறித்திருந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. பன்னிரண்டு பேரில் ஒருவர்! மற்றவர்களின் சீட்டுகள் கணக்கிலிருந்தே விலகிவிட்டன. அப்படி விலகியபின் மிஞ்சியதில்தான் அந்த 55.89. செல்லுபடியான எல்லா வாக்குகளிலும் பார்த்தால் 43 சதவீதம்.

இதைப் பிரான்சோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். 2022இல் மக்ரோன் முதல் சுற்றில் 28 சதவீதம் அளவில் எடுத்து, இரண்டு வாரம் கழித்து 58 சதவீதத்துக்கு மேல் எடுத்தார். அங்கே மக்கள் திரும்பவும் வாக்குச்சாவடிக்குப் போய், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே இரண்டாம் சுற்று முதல் நாளே சீட்டில் எழுதி முடிந்துவிடுகிறது. முதல் இருவரில் இல்லாத ஒருவருக்கு 1 மட்டும் போட்டுவிட்டு வந்தவர், பிரான்சில் இரண்டாம் சுற்றன்று வீட்டில் படுத்திருந்தவருக்குச் சமம். எங்கள் தோட்டத்தில் நான் கேட்ட பலர், 2, 3 போட்டால் சீட்டு செல்லாமல் போய்விடும் என்று பயந்தே போடவில்லை. செல்லாமல் போகாது. இதை அடுத்த முறை ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் சொல்ல வேண்டும்.

பெயரையும் சின்னத்தையும் வைத்து முடிவுக்கு வருவது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடக்கிறது. யானை இங்கே ஐக்கிய தேசியக் கட்சி, இந்தியாவில் பகுஜன் சமாஜ் கட்சி, அமெரிக்காவில் குடியரசுக் கட்சி. மூன்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவுஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்பது வலதுசாரி, அமெரிக்காவில் லிபரல் என்றால் இடது பக்கம்.

"கட்சி" என்ற சொல்லே நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதுதான் இதைவிட ஆழமான சிக்கல். தமிழ்நாட்டில் கட்சி முதலில் வந்தது, அப்புறம் அது தனக்கொரு தொழிற்சங்கத்தை உண்டாக்கிக்கொண்டது. மலையகத்தில் தொழிற்சங்கம் முதலில் வந்து, அதிலிருந்து கட்சி வளர்ந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வேலை கொடுக்காவிட்டால் பேசுகிறவர் சங்கத்தின் தோட்டத் தலைவர். சம்பளத்தில் சந்தா கழிபடுவதும் அந்தச் சங்கத்துக்கே. வாக்குக் கேட்டு வருவதும் அதே சங்கம். அதனால் "கொள்கை பார்த்துப் போடுவதில்லை" என்று வெளியூர்க்காரர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பிள்ளைக்கு ஆஸ்பத்திரி லொறி பிடித்துத் தந்த சங்கத்துக்கு வாக்குப் போடுவதும் ஒரு காரணத்தோடுதான். பிரித்தானியத் தொழிற்கட்சியும் 1900இல் தொழிற்சங்கங்களின் துணையோடு பிறந்ததுதான். நம்மை ஒப்பிட வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

"மலேசியாவைப் பார், அங்கேயும் தோட்டத்துத் தமிழர்தானே" என்பதும் அடிக்கடி காதில் விழும். அது நல்ல ஒப்பீடு, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. மலேசிய இந்தியக் காங்கிரஸ் 2004இல் போட்டியிட்ட 9 ஆசனங்களையும் வென்றது, 2008இல் மூன்றுக்கு இறங்கியது. மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள பாராளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. கூட்டணியில் மற்றவர்கள் விட்டுக்கொடுத்த தொகுதியில், மற்றவர்களின் வாக்கில்தான் வெல்ல முடியும். நுவரெலியா மாவட்டத்திலோ சனத்தொகையில் பாதிக்கு மேல் தமிழர்கள். பதுளையிலும் கண்டியிலும் தமிழர் சிறுபான்மை. ஆகவே மலேசியாவை நுவரெலியாவுக்குப் பக்கத்தில் வைப்பதைவிட, கண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

இனி மனதை உறுத்தும் ஒன்று. ஆண்டுகளை ஒப்பிடும்போது, யாருக்கு அன்று வாக்கு இருந்தது என்று கேட்காமல் விடுவது. இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது, இந்தியாவுக்கு முன்பே. எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். 1947இல் தோட்டப் பகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம். 1949இல் அவர்களின் வாக்கைப் பறித்த தேர்தல் சட்டத் திருத்தம். இந்தியாவின் ஏழை விவசாயி 1951-52இல் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்குப் போட்ட அதே காலத்தில், 1952 தேர்தலில் எங்கள் தாத்தா பாட்டிமாரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. மக்கள் வாக்கில் ஒரு மலையகத் தலைவர் திரும்பவும் தெரிவானது 1977இல். மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவதாக வந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. "தமிழ்நாட்டுக் கட்சிகள் அறுபதுகளிலேயே ஆட்சியைப் பிடித்தன, நாம் என்ன செய்தோம்?" என்று கேட்கும் தம்பிமார் இந்த இடைவெளியை ஒரு தடவை விரலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாக்களிப்பு வீதத்தை ஒப்பிடுவதிலும் இதே கவனம் வேண்டும். அவுஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். இங்கே மத்திய கிழக்கில் வேலை செய்யும் அக்காவுக்கு அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை, கொழும்புக் கடையில் நிற்கும் தம்பி லீவும் பஸ் காசும் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வர வேண்டும். இருவருடைய பெயரும் இடாப்பில் இருக்கும், வராதவர் கணக்கில் ஏறும். இந்தியாவில் பொத்தானை அமுக்குகிறார்கள், இங்கே பேனாவால் புள்ளடி போடுகிறோம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சீட்டுகள் நிராகரிக்கப்பட்டதை "சனத்துக்கு அறிவில்லை" என்று சொல்லிவிடுவது நியாயமில்லை.

போன வருடம் மாமாவுக்கு இந்தக் கணக்கையெல்லாம் ஒரு கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "சரி, அப்ப நம்ம தோட்டத்து ஓட்டு எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார். இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. வாக்குச்சாவடி வாரியாக முடிவை வெளியிடுகிறார்கள். இங்கே, தபால் வாக்கைத் தவிர, மாவட்டத்தின் முடிவு நான்கு பெயர்களில் வருகிறது: நுவரெலியா - மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை. அந்த நான்குக்குக் கீழே தோட்டம், கிராமம் என்று பிரித்த எண்ணிக்கை வெளியே வராது. "தோட்டத்துக்காரங்க இவருக்குத்தான் போட்டாங்க" என்று டிவியில் யாராவது சொல்லும்போது மாமா இப்போது அந்த நான்கு பெயரையும் சத்தமாகச் சொல்லிக் காட்டுகிறார்.