தண்டால் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் மைதானத்துக்கு விடியற்காலையில் வரும் இளைஞர்களில் ஒருவர், வண்டியை நிறுத்திய கையோடு தரையில் கையூன்றி ஒரே மூச்சில் முப்பது தண்டால் எடுத்துவிட்டு, மணிக்கட்டுகளை உதறிக்கொண்டே எழுந்திருப்பார். ஒரு நாள் அவருடைய அனுமதியுடன், நான்காக மடித்த துண்டு ஒன்றை அவர் நெஞ்சுக்கு நேர் கீழே தரையில் வைத்து, ஒவ்வொரு முறையும் நெஞ்சு அந்தத் துண்டைத் தொட்டுவிட்டே எழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எட்டாவதுக்கு மேல் அவரால் போக முடியவில்லை. அதுவரை அவர் எடுத்துவந்த முப்பதும், முழங்கையைப் பாதி மடக்கி, இடுப்பைத் தொய்யவிட்டு, தலையை மட்டும் தரைப்பக்கம் கொண்டுபோன அசைவுகளே என்பது அப்போதுதான் அவருக்கும் புரிந்தது.

தண்டாலில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை எண்ணிக்கையின் மேல் உள்ள இந்த ஆசையிலிருந்தே பிறக்கின்றன. வலிமை கூடுவதற்குத் தேவையானது, தசையால் தாங்கக்கூடிய, ஆனால் அதற்குச் சற்றுக் கடினமாக இருக்கிற சுமையை, அசைவின் முழு வீச்சிலும் கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவது. எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உடலைத் தயார்ப்படுத்தாமல் தொடங்குவது முதல் தவறு. நம் ஊர் வெப்பத்தில் நின்றாலே வியர்க்கிறது என்பதால், உடல் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது, தனியாக வார்ம் அப் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்த வியர்வை, வெளி வெப்பத்திலிருந்து உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முயற்சி. நெஞ்சிலும் தோளிலும் உள்ள தசைகள் வேலைக்குத் தயாராகிவிட்டன என்பதற்கு அது அடையாளமாகாது. தசை தானே இயங்கும்போதுதான் அங்கே இரத்த ஓட்டம் பெருகுகிறது, அதன் வெப்பம் ஏறுகிறது, சுருங்கி விரியும் வேகம் கூடுகிறது, மூட்டுகளுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் இளகி அசைவை எளிதாக்குகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த தோள், எழுந்த பத்தாவது நிமிடத்தில் உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும்போது, இந்தத் தயாரிப்பு இல்லாமல் இறங்குவது விவேகமல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பள்ளி விளையாட்டுப் பாடவேளையில் கற்றுக்கொண்ட பழக்கத்தில், கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தபடி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அசையாமல் நிற்பதையே வார்ம் அப் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே தசையை 60 வினாடிக்கு மேல் இழுத்துப் பிடித்து வைத்தால், அதற்குப் பிந்தைய சிறிது நேரத்துக்கு அந்தத் தசையின் வலு சற்றுக் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அத்தகைய நீண்ட ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. தொடக்கத்தில் வேண்டியது அசைந்துகொண்டே இருக்கும் பயிற்சி: மூன்று நான்கு நிமிடம் வேகமான நடையோ, நின்ற இடத்திலேயே மெல்லோட்டமோ, பின் கைகளைப் பெரிய வட்டமாக முன்னும் பின்னும் சுழற்றுவது, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, உடலை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து மணிக்கட்டைப் பழக்குவது, கடைசியாகச் சுவரில் கையூன்றி, நிதானமாகப் பத்துத் தண்டால். ஓட்டம் மட்டும் போதாது, ஏனென்றால் அது மணிக்கட்டுக்கு ஒன்றும் செய்வதில்லை. செய்யப்போகும் அசைவையே எளிதான வடிவில் முன்கூட்டிச் செய்து பார்ப்பதுதான் இதன் மையம்.

அடுத்த தவறு, முதல் நாளே தரையில் தொடங்குவது. கைகளை எந்த உயரத்தில் ஊன்றுகிறோம் என்பதே தண்டாலின் சுமையைத் தீர்மானிக்கிறது. அளந்து பார்த்த ஆய்வொன்றில், தரையில் எடுக்கும் சாதாரணத் தண்டாலில் கைகள் உடல் எடையில் ஏறத்தாழ 64 சதவீதத்தைத் தாங்கின. கைகளை 30 செ.மீ. உயரத்தில் ஊன்றினால் அது 55 சதவீதமாகவும், 60 செ.மீ. உயரத்தில் 41 சதவீதமாகவும் குறைந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது முறையே ஏறத்தாழ 45, 38.5, 29 கிலோவாகும். வீட்டு மாடிப்படி ஒன்று பெரும்பாலும் 15 முதல் 18 செ.மீ. உயரம் இருப்பதால், நான்காம் படியில் கையூன்றுபவர் தரையில் ஊன்றுபவரைவிடச் சுமார் 16 கிலோ குறைவாகத் தாங்குகிறார். நான்காம் படியில் சுத்தமாகப் பன்னிரண்டு எடுக்க முடிந்ததும் மூன்றாம் படிக்கு இறங்கலாம், அங்கேயும் அவ்வாறே வந்ததும் இரண்டாம் படிக்கு. முழங்காலைத் தரையில் ஊன்றி எடுப்பதும் சுமையை 49 சதவீதமாகக் குறைக்கிறதென்றாலும், தலை முதல் குதிகால் வரை உடலை விறைப்பாக வைத்திருக்கும் பழக்கம் அதில் வருவதில்லை என்பதால் படிக்கட்டையே நான் பரிந்துரைக்கிறேன்.

தரையில் இருபது இருபத்தைந்து எளிதாக வந்த பிறகும் எண்ணிக்கையையே கூட்டிக்கொண்டு போவது இதே தவறின் மறுபக்கம். அதற்கு மேல் வளர்வது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் திறனே. வலிமையை நாடுபவர், கால்களை 30 செ.மீ. மேடையில் வைத்துச் சுமையை 70 சதவீதமாக்கலாம், அல்லது நான்கு வினாடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கலாம். செட்டுகளுக்கு, அதாவது நிறுத்தாமல் எடுக்கும் ஒவ்வொரு தொடருக்கும், இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வும் தேவை.

இனி உடலின் நிலை. மேலிருந்து பார்க்கிறவருக்கு உடலும் விரிந்த கைகளும் சேர்ந்து சிலுவை போலத் தெரிந்தால், முழங்கைகள் பக்கவாட்டில் அதிகமாக அகன்றிருக்கின்றன என்று பொருள். இந்த நிலையில் தோள் மூட்டின் முன்புறம் அதிகமாகச் சுமக்கிறது. பல மாதங்கள் இப்படியே எடுப்பவர்கள், சட்டை மாட்டும்போது தோளில் சுருக்கென்று வலிக்கிறது என்று பிறகு சொல்லக் கேட்டிருக்கிறேன். முழங்கைகள் உடலோடு ஏறத்தாழ 45 பாகை கோணத்தில் பின்னோக்கி மடங்கி, மேலிருந்து அம்பு முனை போலத் தெரிவது பெரும்பாலோருக்குப் பொருத்தமானது. உள்ளங்கைகள் காதுகளுக்கு நேராக அல்ல, நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும்.

இடுப்பு தொய்கிறதா என்பது எடுப்பவருக்குத் தானாகத் தெரிவதில்லை. துடைப்பக் குச்சி போன்ற நேரான கோல் ஒன்றை முதுகின் மேல் நீளவாக்கில் வைத்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழுள்ள வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட்டபடியே இருக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டால் அது பெரும்பாலும் நிலையாக நிற்கும். மல்யுத்தக் கூடங்களில் எடுக்கும் மரபான தண்டாலில் உடலை வேண்டுமென்றே வளைத்து நெஞ்சை முன்னே தூக்குவார்கள். அது வேறொரு பயிற்சி, இந்த அளவுகோல் அதற்குப் பொருந்தாது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும். இறங்கும்போது மூச்சை இழுத்து, எழும்போது விட வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

நாளுக்கு நூறு என்று தினமும் சபதம் எடுப்பதில் ஓய்வு மறக்கப்படுகிறது. பயிற்சி கொடுத்த தசை, அதற்குப் பின் வரும் ஓய்விலும் உணவிலும் உறக்கத்திலும்தான் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. தொடக்க நிலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு வாரத்தில் 2 நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. பழக்கமில்லாத ஒருவர் போட்டிக்காக ஒரே நாளில் இருநூறு முந்நூறு எடுத்து, மறுநாள் கை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை நார்கள் சிதைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு தவறான புரிதலும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்து ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், 40க்கு மேல் தண்டால் எடுக்க முடிந்தவர்களுக்கு, 10க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் நிகழ்வுகள் 96 சதவீதம் குறைவாக இருந்தன. நாற்பது எடுத்துவிட்டால் மாரடைப்பு வராது என்று இதைப் புரிந்துகொள்வது சரியல்ல. தண்டால் அங்கே ஒட்டுமொத்த உடல் தகுதியின் அடையாளமாக இருந்தது; நிமிடத்துக்கு 80 தட்டுகள் அடிக்கும் தாளக்கருவியின் கதிக்கு ஏற்ப எடுத்தவையே எண்ணப்பட்டன; பெண்களோ உடலுழைப்பு குறைந்தவர்களோ அதில் இடம்பெறவில்லை.

கடைசியாக, தள்ளும் பயிற்சியை மட்டுமே செய்வது. தண்டால் நெஞ்சையும் முன்தோளையும் மேற்கையின் பின்புறத் தசையையும் வளர்க்கிறது. மேல்முதுகுக்கு அதில் அதே அளவு வேலை இல்லை. தண்டால் எடுக்கும் அதே நாளில், புத்தகங்கள் நிறைத்த பையைக் கையில் பிடித்து, இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, முழங்கையைப் பின்னோக்கி இழுத்துப் பையை விலாவரை தூக்கும் பயிற்சியையும் அதே எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.