வீட்டு நெபுலைசரைக் கழுவி, கிருமி நீக்கி, உலர்த்தும் முறை

மழைக்காலம் பிடித்துக்கொண்டால் கடலூரில் துவைத்த துணியே இரண்டு நாள் ஈரமாகக் கிடக்கும். திரவ மருந்தை மூச்சில் இழுக்கும் புகையாக மாற்றும் நெபுலைசரின் மருந்துக் கிண்ணம் மட்டும் தானாகக் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அம்மாவுக்காக அந்த இயந்திரத்தைப் பராமரித்துவருவதில் நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறை மருந்து பிடித்த பிறகும் கிண்ணம், மூடி, வாய்க்குழல் அல்லது மாஸ்க் ஆகியவற்றைப் பிரித்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக அலசவேண்டும். மீன் அலசிய தொட்டியில் வைத்துக் கழுவாமல், இதற்கென்றே ஒரு கிண்ணியை ஒதுக்கிவிடுங்கள். கழுவாமல் நேராகக் கிருமிநாசினியில் போடுவது வீண்வேலை; ஒட்டியிருக்கும் மருந்தும் சளியும் கிருமிகளுக்குக் கவசமாகிவிடுகின்றன. காற்றைக் கொண்டுவரும் நீளமான டியூபையும் இயந்திரத்தையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. இயந்திரத்தை மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும்.

அடுத்தது கிருமிநீக்கம், இதை நாளுக்கு ஒரு முறை செய்யவேண்டும். கொதிக்கவைக்கலாம் என்று கையேடு அனுமதிக்கும் பாகங்களை, கொதிக்கும் நீரில் முழுவதும் மூழ்கும்படி 5 நிமிடம் வைத்திருப்பதே செலவில்லாத வழி. மென்மையான மாஸ்க் பெரும்பாலும் இதற்குத் தாங்காது, கோணிப்போகும். அதற்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடமோ, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடமோ ஊறவைக்கலாம். எதைத் தாங்கும் என்பதையும் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பு எரியும் சமையலறையில் நான் பெராக்சைடையே விரும்புகிறேன். மருந்துக்கடைப் புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். ஊறவைத்த பாகங்களுக்குள் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தில் திரவம் படாது. ஆகையால் கிண்ணத்தைச் சாய்த்துக் குமிழியை வெளியேற்றிவிட வேண்டும். பயன்படுத்திய திரவத்தை எடுத்து வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

ஊறவைத்தவற்றைக் கொதித்து ஆறிய நீரில் அலசவேண்டும். குழாய்நீரில் அலசினால் நீக்கிய கிருமி திரும்ப வந்து சேரலாம். கடலோரப் பகுதியில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: காய்ந்தபின் வெண்படிவம் தங்கி, மருந்து பீறிடும் சன்னத் துளையை அடைத்துவிடும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது என்பதால், நான் கேன் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்து ஆறவைக்கிறேன்.

இனி உலர்த்தல். வெளிப்புறம் காய்ந்து தெரிந்தாலும் அந்தத் துளைக்குள் ஒரு சொட்டு நின்றிருக்கும். ஈரத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு அதுவே போதுமானது. ஆகவே கைகளைக் கழுவிக்கொண்டு, பாகங்களை உதறி, கிண்ணத்தை டியூபுடன் இணைத்து, மருந்தில்லாமல் இயந்திரத்தை ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். வரும் காற்று துளையில் நின்ற நீரையும், டியூபின் உட்சுவரில் முத்துமுத்தாகப் படிந்த ஈரத்தையும் தள்ளிவிடும். பிறகு பிரித்து, சுத்தமான பருத்தித் துணியின் மேல் பரப்பி, மற்றொரு மெல்லிய துணியால் மூடி, மின்விசிறிக் காற்றில் வைக்கவேண்டும். மொட்டைமாடி வெயிலை நான் சிபாரிசு செய்வதில்லை. தூசி படிவதோடு பிளாஸ்டிக்கும் நாளடைவில் வெடித்துப்போகும். முழுவதும் காயாமல் டப்பாவில் போட்டு மூடினால், அதுவரை செய்ததெல்லாம் வீணாகும்.

பின்சேர்க்கை: டெட்டால் கலந்த நீரில் ஊறவைக்கலாமா என்று இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். வேண்டாம், அதன் மிச்சம் மருந்துப்புகையோடு சேர்ந்து மூச்சுக்குழாயை எரிச்சலூட்டக்கூடும். வினிகரும் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. வலைத்தகடு உள்ள சிறிய கைநெபுலைசர் வைத்திருப்பவர்கள் அந்தத் தகட்டைப் பஞ்சாலோ பிரஷ்ஷாலோ தொடாமல், அதன் கையேடு சொல்லும் முறையை மட்டும் பின்பற்றவேண்டும். இயந்திரத்தின் காற்று வடிகட்டி சாம்பல் நிறமானால் அதைக் கழுவ முயலாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.