பிரேக் ஆயில் கொறஞ்சா ஊத்திட்டுப் போயிடாதீங்க

போன ஞாயித்துக்கிழமை செந்தூல்ல எங்க ஃபிளாட் கீழ, பக்கத்து புளோக் தம்பி ஒருத்தன் மைவி காரோட போனட்டைத் தொறந்து வச்சிட்டு பிரேக் ஆயில் டப்பாவுல கழுத்து வரைக்கும் ஊத்திக்கிட்டு இருந்தான். "கொறஞ்சிருந்துச்சுண்ணே, ரொப்பிட்டேன்"னு சந்தோஷமா சொன்னான். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. நானும் ஒரு காலத்துல இதேதான் செஞ்சேன், நல்லா பட்டேன். ஜேக் ஸ்டாண்டு போடணும், டயருக்குக் கட்டை வைக்கணும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன். பிரேக் ஆயில்ல நாம வழக்கமா பண்ற தப்புகளை மட்டும் ஒவ்வொன்னா சொல்றேன்.

கொறஞ்சா ஊத்துறது

எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிஞ்சு போகும், ஆனா பிரேக் ஆயில் மூடுன பைப்புக்குள்ளயே இருக்கிற சாமான், அதுபாட்டுக்கு எங்கயும் போகாது. கொறைஞ்சிருக்குன்னா ரெண்டுல ஒன்னுதான். ஒன்னு, பிரேக் பேட் தேஞ்சிருக்கு. பேட் தேயத் தேய அதைத் தள்ளுற பிஸ்டன் வெளிய வரும், அந்த எடத்துக்கு ஆயில் எறங்கும், அதனால டப்பாவுல மெதுவா கொறையும். அப்ப நீங்க ரொப்பி வச்சீங்கன்னா, புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ள தள்ளுவாங்கல்ல, அத்தனையும் பொங்கி வெளிய வந்து பெயிண்டைத் தின்னுடும். அப்படிக் கொட்டுனா துணியில தொடச்சிட்டு நிக்காதீங்க, உடனே தண்ணிய ஊத்திக் கழுவுங்க.

ரெண்டாவது, லீக். என் கதை இதுதான்.

அப்ப என்கிட்ட பழைய வீரா கார். மாசத்துக்கு ஒரு வெரக்கடை கொறையும். கீழ குனிஞ்சு பாத்தேன், தரை காஞ்சு கெடக்கு, நாலு டயருக்கு உள்பக்கமும் கைய விட்டுத் தடவுனேன், ஈரமே இல்ல. சரி, லீக் இல்லன்னு நானே முடிவு பண்ணிட்டு பூட்ல ஒரு பாட்டிலை வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் ஊத்தி ஊத்தியே ஓட்டுனேன். ஒரு நாள் ஜாலான் ஈப்போ சிக்னல்ல நிக்கிறேன், பெடலை மிதிச்ச கால் அப்படியே மெதுவா கீழ எறங்குது, காடி முன்னால நகருது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்துனேன். பின்சீட்ல என் அக்கா புள்ளைங்க ரெண்டு பேரு.

வொர்க்‌ஷாப் பொமென் பிரிச்சுக் காட்டுனாரு. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் பம்ப்போட பின்பக்க சீல் போயிருக்கு. அங்க கசிஞ்சா ஆயில் தரையில சொட்டாது, நேரா பின்னால ஒட்டியிருக்கிற, மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்கிற பூஸ்டருக்குள்ள எறங்கிடும். அஞ்சு மாசமா நான் ஊத்துனதெல்லாம் உள்ள போய், பூஸ்டருக்குள்ள இருக்கிற ரப்பர் ஊறி வீணாப் போச்சு. மொத மாசமே பாத்திருந்தா ஒரு சீல் கிட் காசோட முடிஞ்சிருக்கும். மாஸ்டர் பம்ப், பழைய காடி சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில எடுத்த பூஸ்டர், கூலி எல்லாம் சேத்து 600 வெள்ளிக்கு மேல போச்சு. காசைக்கூட விடுங்க, அந்த சிக்னல்ல எனக்கு முன்னால மோட்டார்ல ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு இருந்தாரு, அதை நெனச்சா இன்னைக்கும் என்மேலயே கோவம் வருது.

இத்தனைக்கும் அடையாளம் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. மாஸ்டர் பம்ப் பூஸ்டர்ல ஒக்காருற எடத்துக்குக் கீழ, கறுப்பு பெயிண்ட் கோடு மாதிரி உப்பி உரிஞ்சிருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுல ஒரு துளி தெரிஞ்சாலும் பாட்டிலை மூடி வச்சிட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போங்க.

தம்பியோட மைவில நல்லவேளை லீக் இல்ல. முன் டயரைக் கழட்டுனோம், பேட் இரும்பைத் தொடுற நெலமை. ஊத்துனதை ஊசி போடுற சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு பேட் வாங்க அனுப்பிட்டேன்.

இன்னொன்னு, மேல ரொப்புறது ஆயில் மாத்துறது ஆகாது. டயர்கிட்ட பேடை அழுத்துற காலிபர்ல கெடக்கிற பழைய ஆயில் அங்கயேதான் கெடக்கும்.

கிலோமீட்டரை மட்டும் பாக்கிறது

"நான் ரொம்ப ஓட்டலையே"ன்னு சொல்லுவாங்க. பிரேக் ஆயில் ஓடித் தேயிறதில்ல, காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் கெடுது, நம்ம கோலாலம்பூர் காத்தைப் பத்தி சொல்லணுமா? டாட் 3ங்கிற வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும், அதுல 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 140 தான் கணக்கு. டாட் 4க்கு 230, 155. கெந்திங் மலையில இருந்து ஆட்டோ காடிய டி கியர்லயே வச்சு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்குனா அந்த 140 ஒன்னும் பெருசில்ல. ஆயில் கொதிச்சு ஆவியானா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஓரங்கட்டி ஆறவிட்டா பழையபடி கெட்டியாயிடும், உடனே நம்மாளுங்க சரியாயிடுச்சுன்னு போயிடுவாங்க. சரியாகல, தண்ணி இன்னும் உள்ளதான் இருக்கு. 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, உங்க காடி புக்ல அதுக்கு முன்னாடியே போட்டிருந்தா அதைக் கேளுங்க. கலரை மட்டும் நம்பாதீங்க, தெளிவா இருக்கிற ஆயில்லயும் தண்ணி இருக்கும்.

தொறந்து வச்ச பழைய பாட்டில்

வேணாம். சின்ன பாட்டிலா வாங்குங்க.

நம்பர் பெருசுன்னு டாட் 5

டாட் 3, 4, 5.1 ஒன்னோட ஒன்னு கலக்கும். டாட் 5 சிலிகான், கலக்காது, தொடாதீங்க.

பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கிறது

ஆயில் பைப்புல மாட்டுன காத்தை எடுக்கும்போது கூட ஒரு ஆள் பெடல் மிதிப்பாங்க. பழைய காடில அவங்க தரை வரைக்கும் அமுக்குனா, மாஸ்டர் பம்ப் பிஸ்டன் வழக்கமா போகாத எடத்துக்குப் போகும், அங்க படிஞ்ச அழுக்கும் துருவும் சீல் விளிம்பைக் கிழிச்சிடும். பெடலுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டை வச்சிடுங்க. காத்து வெளிய வர்ற நிப்பிளை இறுக்குன பிறகுதான் "விடு"ன்னு சொல்லணும், முன்னாடியே கால எடுத்தா காத்தை உள்ள இழுத்துக்கும். எந்த டயர் மொதல்லங்கிறதை காடி புக்ல பாத்துக்குங்க.

டப்பாவை வத்த விடுறது

காத்து எடுக்கும்போது டப்பா வத்துனா திரும்பவும் காத்து உள்ள போகும். டயர் பூட்டிக்காம பாத்துக்கிற ஏபிஎஸ் உள்ள காடின்னா காத்து அந்த யூனிட்டுக்குள்ள போய் ஒக்காந்துக்கும், சிலதுக்கு கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும். ஒரு டயருக்குப் பத்து மிதி மிதிச்சா டப்பாவை ஒருக்கா எட்டிப் பாருங்க.

எல்லாம் முடிஞ்சு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பெடலை மிதிச்சு அப்படியே அரை நிமிஷம் புடிங்க. கால் மெதுவா எறங்குச்சுன்னா காடிய நகத்தாதீங்க.