வீட்டில் ஆடிய டன்ஜனைப் பதிப்புக்குத் தயார்செய்வது

நண்பர்களோடு பல வாரங்கள் ஆடித் தேய்ந்த டன்ஜன் ஒன்றை, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதைவிளையாட்டுக்கான நிலவறை ஒன்றைப் பதிப்பிக்க நினைப்பவர் முதலில் உணர வேண்டியது, அதில் பாதிக்குமேல் தாளில் இல்லை என்பதே. என் நோட்டில் ஏழாம் அறைக்கு எதிரே "சிலந்தி 2, பெட்டி பொய், வலைக்குப் பின்னால் கதவு" என்று மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு மாலைப்பொழுதையே ஓட்டிவிட்டேன். வேறொருவர் கையில் கொடுத்தால் அவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போலத் திகைத்திருப்பார். இப்படைப்பை வாங்குபவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிக்கும் வாசகர் அல்லர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, இடையிடையே பக்கத்தின்மேல் ஒரு பார்வையை மட்டும் வீசக்கூடிய, ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டர்.

வேலையை வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு கட்டம் எத்தனை அடி என்பதை வரைபடத்தின்மேலேயே எழுத வேண்டும். இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் போருக்கான கட்டம் 5 அடி, பழைய பாணி வரைபடங்களிலோ பெரும்பாலும் 10 அடி. அறைகளுக்கு எண் இடும்போது நீங்கள் வரைந்த வரிசையை விட்டுவிட்டு, நுழைவாயிலிலிருந்து நடந்துவருபவர் எதிர்கொள்ளும் வரிசையைப் பின்பற்ற வேண்டும். பிறகு பென்சிலால் பாதைகளைத் தொடர்ந்து பார்க்கவும்: வாசலிலிருந்து கடைசி அறைவரை ஒரே கோடாகப் போகிறது என்றால், ஆடுவோருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை. பல நுழைவாயில்களும் சுற்றிவரும் வழிகளும் கொண்ட நிலவறைகளை 1970களின் இறுதியில் வடிவமைத்த ஜெனெல் ஜேக்குவேஸின் பெயர், இன்று அந்த முறையைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆங்கிலத்தில் புழங்குகிறது. கூடுதலாக ஒரு படிக்கட்டோ இடிந்த சுவரோ போதும், நேர்கோடு வளையமாகிவிடும். எண்கள், பொறிகள், இரகசியக் கதவுகள் ஆகியவற்றை நீக்கிய இரண்டாவது வரைபடம் ஒன்றையும் சேர்க்க மறக்க வேண்டாம். கணினித் திரையில் ஆடுவோர் முதலில் தேடுவது அதைத்தான்.

அறை விவரிப்பில்தான் பெரும்பாலான கைப்பிரதிகள் சறுக்குகின்றன. ஏழாம் அறையின் என் முதல் வடிவம், நானூறு ஆண்டுகளுக்கு முன் அது தானியக் கிடங்காக இருந்த கதையில் தொடங்கி, எட்டாவது வரியில்தான் சிலந்திகளிடம் வந்தது. அதற்குள் ஆடுவோர் அறையின் நடுவுக்கே வந்திருப்பார்கள். திருத்திய வடிவம் இது:

"7. பழைய கிடங்கு. கூரை 20 அடி உயரம். தரையெங்கும் நரைத்த வலை. நடுவில் இரும்புப் பட்டையிட்ட பெட்டி. வலையை அசைத்தால் உத்தரத்திலிருந்து இரண்டு ராட்சதச் சிலந்திகள் இறங்கும். பெட்டி ஒரு மிமிக். தொட்டவர் அதனோடு ஒட்டிக்கொள்வார். வடக்குச் சுவரில் வலைக்குப் பின்னால் கதவு, பூட்டியது. சாவி 4ஆம் அறையில்."

(மிமிக் என்பது பெட்டி போன்ற பொருளாக உருமாறி நிற்கும் பிராணி.) கதவைத் திறந்தவுடன் தெரிவது முதலில், எதையாவது தொட்டால் நடப்பது அடுத்து, தேடினால் கிடைப்பது கடைசியில் என்ற இந்த வரிசையை எல்லா அறைகளுக்கும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். கிடங்கின் வரலாற்றுக்கு அறையில் ஒரு தடயம் கிடைத்தால் அது தங்கலாம். இல்லையெனில் அதை வெட்டிவிடுவதே மேல், மனம் வலித்தாலும்.

ஆடுவோர் வழியில் எதை எதிர்கொள்வார்கள் என்பதைப் பகடையால் முடிவுசெய்யும் தற்செயல் சந்திப்புகளின் அட்டவணையை அமைக்கும்போது பகடைக் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் 36 வாய்ப்புகளில் ஆறு முறை 7 விழும். 2 ஒரே முறைதான் விழும். ஆகவே 7இல் ரோந்து வரும் காப்லின் எனும் குட்டிப் பூதங்களையும், 2இல் டிராகனையும் வைப்பதே முறை.

ஏழாம் அறையின் திருத்திய வடிவத்தில் சாவியைப் பற்றிய வரி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவடிவமைப்புக்கு முன்பே கைப்பிரதியை ஒரு நண்பரிடம் கொடுத்து நடத்தச் சொல்லி, நான் மூலையில் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தேன். ஆடுவோர் அந்தக் கதவின் முன் நாற்பது நிமிடம் நின்றார்கள்; சாவி எங்கே என்பதை நான் எப்போதும் வாய்மொழியாகவே சொல்லிவந்ததால் எழுத்தில் அது எங்குமே இல்லை. நடத்துபவர் பக்கங்களைப் புரட்டித் தேடும் ஒவ்வொரு முறையும் ஒரு குறியிட்டுக்கொள்ளவும்; ஒவ்வொன்றும் விடுபட்ட ஒரு வாக்கியம்.

உரிமை விஷயத்தில் அவசரம் கூடாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், பிறரும் அதன் விதிகளைப் பயன்படுத்த அனுமதித்த 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தை மாற்ற முயன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தபின், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1ஐ 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. ராட்சதச் சிலந்தி, மிமிக், ஆந்தைக்கரடி ஆகியவற்றின் விவரங்கள் அதில் உண்டு; பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் ஆகிய அரக்கப் பிராணிகளின் விவரங்கள் இல்லை, எனவே அவற்றுக்குப் பதில் சொந்தமாக ஏதேனும் உருவாக்குவதே பாதுகாப்பு. அத்தொகுப்பின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ள நன்றிவாசகத்தை ஓர் எழுத்தும் மாறாமல் உங்கள் நூலில் சேர்க்க வேண்டும். ஐந்தாம் பதிப்புடன் பொருந்துவது என்று குறிப்பிடலாம்; அவர்களுடைய இலச்சினையை அட்டையில் போடக் கூடாது. அந்நிறுவனத்தின் கற்பனை உலகான ஃபர்காட்டன் ரெல்ம்ஸிலேயே கதை நடக்க வேண்டும் என்றால் 2016இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட் தளத்தில் வெளியிடலாம். ஆனால் அங்கே வெளியிட்டதை வேறிடத்தில் விற்க முடியாது.

ஓவியத்துக்கும் இதே கவனம் தேவை. தேடுபொறியில் கிடைத்த படம் யாரோ ஒருவருடைய உழைப்பு. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், 1778இல் மறைந்த இத்தாலியக் கலைஞர் பிரானேசி செதுக்கிய கற்பனைச் சிறைகளைப் பார்க்கலாம்: முடிவற்ற படிகள், தொங்கும் சங்கிலிகள், எங்கு போகின்றன என்றே தெரியாத பாலங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது.

பக்கவடிவமைப்பில் ஓர் அறையின் விவரிப்பு பக்கம் தாண்டி ஓடக் கூடாது. அரைப்பக்கம் வெறுமையாகக் கிடந்தாலும் குற்றமில்லை. அச்சுக்குப் போகும் படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) துல்லியத்தில் இருக்கட்டும். இறுதிக் கோப்பை அனுப்புமுன் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, இரவு விளக்கில் மேசைமேல் கையெட்டும் தூரத்தில் வைத்து, நின்றபடியே படித்துப் பார்க்கவும். சாம்பல் பின்னணியில் கதவுக் குறிகள் கரைந்துபோனால் பின்னணியை வெளுத்து, கோட்டைத் தடிப்பாக்க வேண்டும்.